எம்பிராய்டரி டிசைனின் அளவை மாற்றுவது எப்படி: படம் முதல் ஊசி வரை

பாடசாலை ஜேர்சியின் நெஞ்சுப் பக்கத்துக்கு 65 மி.மீ. சின்னம். அதே சின்னம் இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடிக்கு 180 மி.மீ. பிறகு அதிபர் வந்து, தொப்பிக்கும் ஒன்று வேண்டும், 45 மி.மீ. போதும் என்பார். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் கடைகளுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான். படம் ஒன்று, அளவு மூன்று. கொடுப்பவருக்கு அது மூலையைப் பிடித்து இழுக்கிற வேலையாகத் தெரியும். தைப்பவருக்குத்தான் நூல் அறுவதும், துணி சுருங்குவதும், எழுத்து அடைபடுவதும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். டிசைன் சிறிதாகும், பெரிதாகும்; நூலின் தடிப்பு மாறாது. வழக்கமாகப் பாவிக்கும் 40ஆம் நம்பர் நூல் தைத்த பிறகு ஏறக்குறைய 0.4 மி.மீ. இடத்தை எடுக்கும். 180 மி.மீ. கொடியிலும் அதே 0.4, 45 மி.மீ. தொப்பியிலும் அதே 0.4. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த 0.4-ஐச் சுற்றித்தான்.

கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்

அளவு மாற்ற வேண்டிய ஃபைல் மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் வழி வேறு.

முதலாவது, வெறும் படம். ஜேபெக், பி.என்.ஜி., வட்ஸ்அப்பில் வந்த போட்டோ. இதில் தையலே கிடையாது, வெறும் பிக்சல். எவ்வளவு வேண்டுமானாலும் அளவு மாற்றலாம், தெளிவு மட்டும் கவனம்.

இரண்டாவது, வேலை ஃபைல். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த எஸ்.வி.ஜி., வில்கொம் என்ற எம்பிராய்டரி மென்பொருளில் செய்த ஈ.எம்.பி. போன்றவை. உருவங்களும், "இந்த இடத்துக்கு இந்த நெருக்கம்" என்ற கட்டளைகளும் இதில் இருக்கும். அளவை மாற்றினால் தையல்கள் புதிதாகக் கணக்கிடப்படும். அளவு மாற்றுவதற்கு ஆகச் சிறந்தது இதுதான்.

மூன்றாவது, தையல் ஃபைல். டி.எஸ்.டி., பி.இ.எஸ்., ஜே.இ.எஃப்., ஈ.எக்ஸ்.பி. முதலியவை. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பதுதான் இவற்றின் சாரம். டி.எஸ்.டி.யில் நூலின் நிறம்கூடக் கிடையாது, 0.1 மி.மீ. அலகில் ஊசியின் நகர்வு மட்டுமே. இதை இழுத்தால் புள்ளிகள் விலகும் அல்லது நெருங்கும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் "டிசைன் இருக்கிறது" என்று யூ.எஸ்.பி.யில் கொண்டுவருவது பெரும்பாலும் மூன்றாவது வகை. முன்பு செய்து கொடுத்தவரிடம் வேலை ஃபைல் இருந்தால் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

தையல் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்

கணக்கைப் பார்ப்போம். நிரப்புத் தையலில் (பரப்பை வரிசை வரிசையாக மூடும் தையல்) வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதமாக்கினால் அது 0.36 ஆகும். 80 சதவீதத்தில் 0.32. 70 சதவீதத்தில் 0.28. வரிசை மட்டும் நெருங்குவதில்லை. ஒவ்வொரு தையலின் நீளமும் குறைகிறது. அதனால் 70 சதவீதத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறும் நூல் ஏறக்குறைய 1.4 மடங்கு, ஊசித் துளைகளோ 2 மடங்கு. துணி பலகை போல விறைப்பதும், மெல்லிய துணியில் டிசைனின் ஓரம் முத்திரை வெட்டியது போலக் கிழிந்து வருவதும் இதனால்தான். ஊசி ஏற்கெனவே நூல் நிறைந்த இடத்திலேயே மறுபடி மறுபடி குத்துவதால் மேல்நூல் பிய்ந்து அறும். கடையில் பழி விழுவது நூலின் மேல். உண்மையில் நூல் பாவம்.

பெரிதாக்கும்போது தலைகீழ். 120 சதவீதத்தில் 0.48, 150 சதவீதத்தில் 0.6. சிவப்பு ஜேர்சியில் மஞ்சள் நிரப்பினால் இடையிலே சிவப்பு எட்டிப் பார்க்கும். சாட்டின் தையலுக்கு (பட்டையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நெருக்கமாகப் போய்வரும் தையல்) இன்னொரு தொல்லையும் உண்டு: 5 மி.மீ. அகலமான பட்டை 150 சதவீதத்தில் 7.5 மி.மீ. நீளமான நூல் பாலமாகிவிடும். புத்தகப்பையின் கொக்கி, வளையல், கொழுந்துக்கூடையின் நார், எது பட்டாலும் இழுபடும்.

ஆகவே தையல் ஃபைலுக்கு 10 சதவீதம் மேலும் கீழும் என்றால் பயமில்லை. 20 வரை போகலாம். துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்த பிறகே. அதற்கு மேல் வேண்டாம்.

சில மெஷின்களும் மென்பொருள்களும் அளவை மாற்றும்போது தையலை மறுபடி கணக்கிடும். உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்று அறிய மனுவல் தேட வேண்டியதில்லை. டிசைனைத் திறந்து தையல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவை 80 சதவீதமாக்கிவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 8,000 என்றது 8,000-ஆகவே நின்றால் அது வெறுமனே நெருக்கிவிட்டிருக்கிறது. எண்ணிக்கை நன்றாக இறங்கியிருந்தால் மறுகணக்குச் செய்திருக்கிறது. மறுகணக்கையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அந்தப் புள்ளிகளிலிருந்து இது சாட்டின், இது நிரப்பு, இது அடித்தையல் (மேல்தையலுக்குக் கீழே முதலில் போடும் தாங்கு தையல்) என்று மென்பொருள் ஊகிக்கிறது. எளிய உருவங்களில் ஊகம் சரியாக வரும். எழுத்துகளிலும் மெல்லிய கொடிகளிலும் தடுமாறும்.

மெஷின் திரையிலேயே அளவு மாற்றுவதில் இன்னொரு சிக்கல். அந்த மாற்றம் பொதுவாக அந்தத் தடவைக்கு மட்டும். 40 ஜேர்சி ஓடர் என்றால் நாளை திறக்கும்போது 88 கொடுத்தோமா 90 கொடுத்தோமா என்று யாருக்கும் நினைவிருக்காது. அளவை ஃபைலிலேயே மாற்றிச் சேமியுங்கள்.

இதற்கு மேல் மாற்றம் தேவையென்றால் படத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

படி 1: துணியில் அளந்து முடிவு செய்யுங்கள்

கம்பியூட்டரைத் திறக்க முன்னர் அளவுநாடாவை எடுங்கள். ஜேர்சியைத் தட்டையாக விரித்து, சின்னம் வரும் இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் மி.மீ.யில் எழுதுங்கள். பொக்கெட் இருந்தால் அதன் தையல் ஓரத்திலிருந்து இரு பக்கமும் 10 மி.மீ. விட்டுவிடுங்கள். 10 வயதுப் பிள்ளையின் ஜேர்சிக்கும் உயர்தர மாணவரின் ஜேர்சிக்கும் ஒரே 80 மி.மீ. சின்னம் பொருந்தாது, சிறியதில் அக்குளுக்குள் போய்விடும்.

பிறகு ஹூப், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம். வீட்டு மெஷின்களில் பொதுவான தையல் பரப்பு 100 × 100 மி.மீ.; கொஞ்சம் பெரியவற்றில் 130 × 180. பரப்பை முழுதும் நிரப்பாமல் ஓரத்தில் சில மி.மீ. விடுங்கள். 130 × 180 ஹூப்பில் 180 மி.மீ. வட்டச் சின்னம் வராது என்பதைக் கொடி ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உயரம் போதும், அகலம் போதாது.

படி 2: நல்ல படத்தைக் கேட்டு வாங்குங்கள்

வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். அனுப்புபவரிடம் "டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்" என்று சொன்னால் முழு அளவில் வரும். பாடசாலையில் கடிதத்தலைப்போ, மலர் அச்சிட்டபோது செய்த பி.டி.எஃப். ஃபைலோ இருந்தால் அது இன்னும் மேல். பி.டி.எஃப்.பில் சின்னம் வெக்டராக (பிக்சலாக அல்லாமல் கோடுகளாக) இருந்தால் இங்க்ஸ்கேப்பில் நேரே திறந்து, 3-ஆம், 4-ஆம் படிகளைத் தாண்டிவிடலாம். பழைய பேட்ஜைப் போட்டோ பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்கேனரில் வைத்து எடுங்கள். போனில் சரித்துப் பிடித்த வட்டம் முட்டை வடிவமாகிவிடும். எவ்வளவு அளவு மாற்றினாலும் அது வட்டமாகாது.

சின்னம் பாடசாலையுடையதோ கம்பனியுடையதோ என்றால், தைக்கச் சொல்பவருக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

படி 3: பிக்சல் கணக்கு

தேவையான பிக்சல் = மி.மீ. ÷ 25.4 × டி.பி.ஐ.

டி.பி.ஐ. என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. 300 டி.பி.ஐ. என்று எடுத்தால் 65 மி.மீ.க்கு 768 பிக்சல், 100 மி.மீ.க்கு 1181, 180 மி.மீ.க்கு 2126. 300 டி.பி.ஐ.யில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ.; நூலின் அகலத்துக்குள் கிட்டத்தட்ட 5 பிக்சல் அடங்கும். எம்பிராய்டரிக்கு அது தாராளம். 600-க்குப் போவதால் வெளிக்கோட்டில் தேவையில்லாத முனைகள், அதாவது கோடு திரும்பும் புள்ளிகள்தான் பெருகும்.

வந்த படம் 320 பிக்சல் அகலம் என்று வையுங்கள். 65 மி.மீ.யில் அது 125 டி.பி.ஐ. சமாளிக்கலாம். 180 மி.மீ. கொடிக்கு 45 டி.பி.ஐ.; அதைப் பெரிதாக்கிப் பயனில்லை, மேலே வைத்துக் கையால் வரைய வேண்டும்.

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் செய்யும் முறை: "இமேஜ்" பட்டியலில் "ஸ்கேல் இமேஜ்". அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவிலுள்ள சங்கிலி பூட்டியிருக்கிறதா பாருங்கள். இன்டர்பொலேஷன் "கியூபிக்". பிக்சல் எண்ணைக் கொடுங்கள்.

இப்போது வரிசை முக்கியம். முதலில் அளவு, பிறகுதான் நிறக் குறைப்பு. மாற்றிச் செய்தால், 4 நிறமாகக் குறைத்து வைத்த படத்தைக் கியூபிக் பெரிதாக்கும்போது சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ரோஜா நிற ஓரம் ஒன்றைத் தானாக உருவாக்கும். அந்த ஓரம் ட்ரேஸ் செய்யும்போது (4-ஆம் படியில் படத்தை வெளிக்கோடாக மாற்றும்போது) தனி நிறமாகி, அரை மி.மீ. அகலத்தில் வட்டம் முழுக்க ஒரு நூல் மாற்றமாக வந்து நிற்கும். அளவு மாற்றிய பிறகு "மோட்" → "இன்டெக்ஸ்ட்" போய், உங்களிடம் உண்மையில் உள்ள நூல் நிறங்களின் எண்ணிக்கையைக் கொடுங்கள். பாடசாலைச் சின்னத்துக்கு 4 அல்லது 5 போதும். ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் இடங்களையும் நிழலையும் இங்கேயே கைவிடுங்கள்.

படி 4: பிக்சலிலிருந்து வெளிக்கோட்டுக்கு

இங்க்ஸ்கேப் இலவசம், அதற்குள் இயங்கும் இங்க்-ஸ்டிச் நீட்டிப்பும் இலவசம். இந்த இரண்டும் போதும்.

"டொக்கியுமென்ட் ப்ரொப்பர்ட்டீஸ்" திறந்து அலகை மி.மீ. ஆக்கி, பக்கத்தின் அளவை ஹூப்பின் அளவாக வையுங்கள். இங்க்-ஸ்டிச் பக்கத்தின் நடுவையே டிசைனின் நடுவாக எடுத்துக்கொள்ளும். டிசைன் ஓரத்தில் கிடந்தால் மெஷின் "ஹூப்பை விட்டு வெளியே" என்று அடம்பிடிக்கும்.

படத்தை இறக்கி "பாத்" → "ட்ரேஸ் பிட்மேப்". பல நிற ஸ்கேன், நிற எண்ணிக்கை 4 அல்லது 5, பின்னணியை நீக்கு. "ஸ்டாக்" என்ற பெட்டியில் உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு நிறமும் அடுத்ததின் கீழே முழுதாகப் பரவும். அச்சுக்கு அது நல்லது, தையலில் இரண்டு மூன்று அடுக்கு நூல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். அடையாளம் எடுத்துவிட்டால் நிறங்களுக்கு நடுவே இம்மி இடைவெளி வரும். அடுத்தடுத்த நிறங்களை 0.3 முதல் 0.5 மி.மீ. வரை ஒன்றுக்குள் ஒன்று ஏற்றிவிட்டால் அது மறையும்.

தூசிப் புள்ளிகளை அழித்து, "சிம்ப்ளிஃபை" ஒரு முறை கொடுங்கள். முனைகள் கூடினால் மிகச் சிறிய தையல்கள் கூடும். அரை மி.மீ.க்குக் குறைந்த தையல்தான் கீழே நூல் கூடு கட்டுவதற்குப் பெரிய காரணம்.

படி 5: அளவு மாற்றும் இடம்

முழு உருவத்தையும் தெரிவு செய்து, மேலே உள்ள அகலம், உயரம் பெட்டிகளின் பூட்டைப் போட்டு, 65 என்று எழுதி என்டர். பார்க்க இவ்வளவுதான். மூன்று இடத்தில் கை வழுக்கும்.

ஒன்று, கோட்டுத் தடிப்பு. "உருவத்தை மாற்றும்போது கோட்டின் தடிப்பையும் மாற்று" என்ற பொத்தான் ஒன்று கருவிப்பட்டையில் இருக்கிறது. அது போட்டிருந்தால் 90 மி.மீ. சின்னத்தில் 1.2 மி.மீ.யாக இருந்த கோடு 65 மி.மீ.யில் 0.87 ஆகிவிடும். சாட்டினுக்கு அது போதாது. எடுத்திருந்தால் கோடு 1.2-ஆகவே நிற்கும், ஆனால் கோடுகளுக்கு நடுவிலுள்ள வெளி குறுகி அடைபடும். எங்கள் கட்சி, சிறிதாக்கும்போது அதை எடுத்துவிட்டு, அடைபடும் கோடுகளில் ஒன்றை அழித்துவிடுவது. மூன்று கோட்டு வட்டத்தை இரண்டு கோட்டு வட்டமாக்கினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இரண்டு, பெட்டியில் காட்டும் அளவு கோட்டின் வெளி ஓரம் வரையா, நடுவரையா என்பது. இங்க்ஸ்கேப் வழக்கமாக வெளி ஓரம் வரை காட்டும். அமைப்பை யாராவது மாற்றி வைத்திருந்தால் தடித்த ஓரக்கோடு அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று, வெளியிலிருந்து வந்த எஸ்.வி.ஜி. பழைய இங்க்ஸ்கேப் பதிப்புகள் அங்குலத்துக்கு 90 என்றும், 0.92-ஆம் பதிப்பு முதல் 96 என்றும் கணக்கு வைக்கின்றன, இலஸ்ட்ரேட்டர் 72. அதனால் 100 மி.மீ. என்று செய்து அனுப்பிய ஃபைல் உங்களிடம் 93.75 மி.மீ. அல்லது 75 மி.மீ. என்று திறக்கலாம். அனுப்பியவரோடு சண்டை வேண்டாம், அளவைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

படி 6: ஆகச் சிறியதை அளந்து பெருக்குங்கள்

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூல டிசைனில் மூன்று இடத்தை அளந்து எழுதுங்கள்: ஆக ஒடுங்கிய கோடு, ஆக ஒடுங்கிய இடைவெளி, ஆகச் சிறிய எழுத்தின் உயரம். ஒவ்வொன்றையும் அளவு விகிதத்தால் பெருக்குங்கள்.

90 மி.மீ. சின்னத்தை 65 ஆக்குவது 0.722. கோடு 1.2 × 0.722 = 0.87. இடைவெளி 1 × 0.722 = 0.72. எழுத்து 6 × 0.722 = 4.3.

40ஆம் நம்பர் நூலில் சாட்டின் கோட்டுக்கு 1 மி.மீ., இடைவெளிக்கு 0.8 முதல் 1 மி.மீ., எளிய ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 5 மி.மீ. என்பவை கீழ் எல்லை. மூன்றும் தவறிவிட்டன. இந்தச் சின்னம் 65-க்கு இழுத்து வராது, மாற்றி வரைந்துதான் வரும். 0.87 கோட்டைச் சாட்டினிலிருந்து மும்முறை ஓடும் ரன்னிங் தையலாக மாற்றலாம். இடைவெளியைக் கையால் அகட்டலாம். எழுத்துக்கு 60ஆம் நம்பர் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் போட்டால் 4 மி.மீ.க்குப் பக்கத்தில் வரைக்கும் இறங்கலாம்; அதற்கும் கீழே என்றால் எழுத்தை எடுத்துவிடுவதே மரியாதை.

தமிழ் எழுத்தும் சின்னத்தின் வளையமும்

எங்கள் பக்கத்துப் பாடசாலைச் சின்னங்களில் மும்மொழியும் வட்டமாக ஓடும். சிறிதாக்கும்போது முதலில் சாவது தமிழும் சிங்களமும்தான், ஏனென்றால் இரண்டிலும் சுழி அதிகம்.

வளையத்தின் அகலம் 8 மி.மீ. என்றால் எழுத்துக்கு 8 மி.மீ. கிடைக்காது. 'கி', 'கீ' என்றால் மேலே விசிறி ஏறும், 'கு', 'மு' என்றால் கீழே வால் இறங்கும், 'க்' என்றால் தலைக்கு மேல் புள்ளி. இவை போக எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது 4.5 மி.மீ. அளவு. அதற்குள் 'ண'வின் சுழிகளை 1 மி.மீ. சாட்டினில் தைத்தால் உள்ளே வெளியே இல்லாமல் ஒரே கட்டியாகிவிடும். 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். தமிழில் உடல் உயரம் 8 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். தடித்தும் மெலிந்தும் போகும் எழுத்துருவைத் தவிர்த்து, ஒரே தடிப்பில் ஓடும் எழுத்துருவை எடுத்து, எழுத்துக்கு எழுத்து வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாக இடம் விடுங்கள். சுழியின் உள்வெளி 0.8 மி.மீ.க்குக் குறைந்தால் சுழியையே கொஞ்சம் பெரிதாக வரைந்துகொள்ளலாம். படிப்பவர் கண்ணுக்கு அது எழுத்துப் பிழையாகப் படாது.

புள்ளியை நிரப்புத் தையலில் போடாதீர்கள். 1.2 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் அடித்தையல் இல்லாத சிறு சாட்டின் போதும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் எழுத்து முடிந்த உடனேயே தைக்கும்படி வரிசைப்படுத்துங்கள். எல்லாப் புள்ளியையும் கடைசிக்கு வைத்தால் அதற்குள் துணி நகர்ந்து, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிவிடும்.

பாமினி என்ற பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைல் வந்தால், அந்த எழுத்துரு உங்கள் கம்பியூட்டரில் இல்லாதபட்சத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறக்கும். அனுப்புபவரையே எழுத்தை "ஒப்ஜெக்ட் டு பாத்" செய்து, அதாவது வெளிக்கோட்டு உருவமாக்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆயிற்று. நீங்கள் தட்டிய எழுத்தையும் அளவு மாற்ற முன்னர் அப்படியே பாத் ஆக்கிவிடுங்கள்.

65 மி.மீ. ஜேர்சிக்கு நாங்கள் சொல்வது, பெயரை வளையத்திலிருந்து எடுத்து, சின்னத்தின் கீழே நேர்வரியாக 8 மி.மீ.யில் போடுவது. இடம் இல்லையென்றால் முதலெழுத்துகள் மட்டும். அதிபர் முதலில் சம்மதிக்க மாட்டார். வளையத்தில் தைத்த மாதிரியையும் நேர்வரி மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

படி 7: தையல் அளவுகளைத் திரும்பப் பாருங்கள்

இங்க்-ஸ்டிச்சின் "பாரம்ஸ்" பெட்டியில் தையலின் நீளமும் இடைவெளியும் மி.மீ.யில் இருக்கும். உருவத்தை எவ்வளவு இழுத்தாலும் அவை அசையாது. வேலை ஃபைலில் அளவு மாற்றச் சொல்வதன் காரணமே அதுதான். நிரப்பின் வரிசை இடைவெளி அதில் 0.25 மி.மீ. என்று தொடங்கும். பருத்திக்கும் ஜேர்சிக்கும் அது நெருக்கம், 0.4-க்கு அண்மையில் வையுங்கள். மெல்லிய சட்டைத் துணிக்கு 0.45. சாட்டினின் இடைவெளி 0.4-இல் தொடங்குவதை அப்படியே விடலாம்.

பிறகு நெருக்கம் அல்லாத இரண்டு. அடித்தையல்: சாட்டின் 1.5 மி.மீ.க்கு ஒடுங்கிவிட்டால் நடுவில் ஒரு ஓட்டம் போதும்; ஓர ஓட்டமும் சிக்-சாக்கும் சேர்ந்திருந்தால் அவை மேல்நூலின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், எடுத்துவிடுங்கள். பெரிதாக்கி 3 மி.மீ.க்கு மேல் போனால் அவற்றைத் திரும்பப் போடுங்கள். இழுப்பு ஈடு: நூல் துணியைத் தன் திசையில் இழுப்பதால் ஒவ்வொரு உருவமும் சற்று ஒடுங்கும். பருத்திக்கு 0.2 மி.மீ., பின்னல் ஜேர்சிக்கு 0.4 வரை சேர்ப்போம். டிசைனைப் பாதியாக்கினால் இதையும் பாதியாக்கத் தோன்றும். ஆக்காதீர்கள், துணி இழுபடுவது அதே அளவுதான்.

சாட்டின் 7 மி.மீ.யைத் தாண்டினால் நிரப்புத் தையலாக மாற்றுங்கள். கொடி பெரிதாக்கும்போது இது அடிக்கடி வரும்.

தையல் எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கைக்கணக்கு ஒன்று உண்டு. 0.4 மி.மீ. வரிசையும் 4 மி.மீ. தையலும் என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 62 அல்லது 63 தையல், அடித்தையல் தனி. 20 சதுர சென்ரிமீற்றர் நிரப்புக்கு 1,250 வர வேண்டிய இடத்தில் திரை 4,000 என்று காட்டினால் எங்கோ இரட்டை அடுக்கு ஒளிந்திருக்கிறது.

படி 8: தாளில் அச்சிட்டு வைத்துப் பாருங்கள்

டிசைனின் பக்கத்தில் 50 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, ஏ4 தாளில் 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். "தாளுக்குப் பொருத்து" என்பது போட்டிருக்கக் கூடாது. கோட்டை அடிமட்டத்தால் அளந்து 50 இருந்தால், சின்னத்தை வெட்டி ஜேர்சியில் குத்தி, பிள்ளை ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

படி 9: அதே துணியில் மாதிரி

மாதிரியை வெட்டுத்துண்டுப் பருத்தியில் தைத்துவிட்டு ஜேர்சியில் இறங்குவது வீண். அதே துணி, அதே பேக்கிங் (துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் தாள்), அதே நூல். பின்னல் துணிக்கு வெட்டி எடுக்கும் வகைப் பேக்கிங்கும் உருண்டை முனை ஊசியும்; கிழித்தெடுக்கும் வகை சட்டைத் துணிக்கு. நுவரெலியாப் பக்கம் ஓடும் தடித்த ஜேர்சிக்கும் ஃபிளீஸுக்கும் மேலே தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் தாள் கட்டாயம். இல்லாவிட்டால் சிறிதாக்கிய கோடு மயிருக்குள் அமிழ்ந்து, அளவு மாற்றியதில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மழை மாதங்களில் அந்தத் தாளைக் காற்றுப் புகாத பொலித்தீனில் வையுங்கள். ஈரக்காற்றில் நெகிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். ஜேர்சியும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் இழுத்து ஹூப் போட்டுத் தைத்தது, காய்ந்தபின் சின்னத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடும்.

மாதிரியைப் பார்க்கும்போது:

- வட்டம் முட்டையாகியிருந்தால் தையல் ஓடும் திசையில் இழுத்திருக்கிறது. இழுப்பு ஈட்டைக் கூட்டுங்கள். துணி ஹூப்பில் தளர்ந்ததா என்றும் பாருங்கள்.
- நிறத்துக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் துணி தெரிந்தால் 4-ஆம் படியின் ஏற்றம் போதவில்லை.
- ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நூல் அறுந்தால் அந்த இடத்தில் தையல் அரை மி.மீ.க்குக் கீழே, அல்லது அடுக்கு ஏறியிருக்கிறது. வேறு வேறு இடத்தில் அறுந்தால் ஊசியையும் இழுவிசையையும் பாருங்கள், டிசைனைக் குறை சொல்ல வேண்டாம்.
- துணி பலகையாக விறைத்தால் வரிசை இடைவெளியை 0.05 கூட்டுங்கள்.
- சாட்டினின் பின்பக்கத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பொபின் நூல் (அடியிலிருந்து வரும் கீழ்நூல்) தெரிவது சரி. மேலே பொபின் நூல் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம்.

திருத்தத்தை எப்போதும் வேலை ஃபைலில் செய்து, தையல் ஃபைலைப் புதிதாக எழுதுங்கள். தையல் ஃபைலையே திரும்பத் திரும்ப 5 சதவீதம், 5 சதவீதமாக இழுத்துக்கொண்டே போனால் நான்காவது தடவையில் 20-ஐத் தாண்டியிருப்பீர்கள்.

ஃபைலைச் சேமிப்பது

ஒவ்வொரு அளவுக்கும் தனி எஸ்.வி.ஜி. வையுங்கள்: 45, 65, 180. 45-ஐ 65-இலிருந்து இழுத்துச் செய்யாமல், கோடுகளைக் குறைத்து வரைந்த தனி டிசைனாகவே வைத்தால் அடுத்த வருடம் புது நிறத்தில் ஓடர் வரும்போது கைவைக்க வேண்டியதில்லை. தொப்பிக்கான 45-இல் டிசைன் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்படி வரிசைப்படுத்துங்கள். வளைந்த துணி ஓரத்தை நோக்கித்தான் தள்ளப்படும்.

மெஷினுக்குப் போகும் பிரதியை அந்த மெஷின் படிக்கும் வடிவத்தில் எழுதுங்கள்: பிரதருக்குப் பி.இ.எஸ்., ஜனோமுக்கு ஜே.இ.எஃப்., தொழிற்சாலை மெஷின்களுக்கு டி.எஸ்.டி. டி.எஸ்.டி.யில் நிறம் போகாததால் நிற வரிசையை ஒரு துண்டில் எழுதி ஜேர்சிப் பொதியோடு குத்திவிடுங்கள். யூ.எஸ்.பி. பென்னை ஃபோர்மட் செய்யும்போது ஃபாட்32 வகையைத் தெரிவு செய்யுங்கள். மெஷினுக்குள் போகும் ஃபைலின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், அளவின் எண்ணோடு குட்டையாக வையுங்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைலைப் பல மெஷின்கள் பட்டியலிலேயே காட்டாது.